24 என்றால் வாதம் முடிந்ததா?

மூன்றாம்செட்:
ஆஸ்திரேலியா, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கா என்ற நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் வென்ற ஒற்றையர் பட்டங்கள்: ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20. ஆண்கள் டென்னிஸில் யார் பெரிய ஆட்டக்காரர் என்ற பேச்சு இத்தோடு முடிந்தது என்பேன். 1960களின் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ராட் லேவரை இழுத்து வருபவர்கள் அவர் வென்றது 11 தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பழையபுல்தரை:
மறக்கவில்லை. ஏன் 11இல் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1962இல் நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டு லேவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார், காசுக்கு ஆடுபவர்களுக்கு அன்றைக்கு விம்பிள்டனில் இடம் கிடையாது, மற்ற மூன்றிலும் அதே விதி. 1968இல் அந்த விதி போகும்வரை, ஒரு ஆட்டக்காரனுக்கு உடம்பும் கையும் ஒன்றாகப் பேசும் வயதில், முழுசாக ஐந்து ஆண்டுகள் வெளியே நின்றார். அந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த 20 போட்டிகளில் தொழில்முறைக்குப் போகாத ராய் எமர்சன் மட்டும் 10 வென்றார். அவருடைய மொத்தமே 12, அதைத் தாண்ட 2000இல் சாம்ப்ராஸ் வர வேண்டியிருந்தது.

மூன்றாம்செட்:
ஆடியிருந்தால் வென்றிருப்பார் என்று சொல்லிக் கோப்பையைக் கையில் கொடுக்க முடியாது. அப்புறம் உங்கள் வாதம் உங்கள் ஆளையே அடிக்கிறது. லேவர் 1962இல் வென்றபோது ரோஸ்வாலும் லூ ஹோடும் அதே விதியால் வெளியேதான் இருந்தார்கள். 1963இல் தொழில்முறைக்கு வந்த புதிதில் லேவர் அந்த இருவரிடமும் அடுத்தடுத்துத் தோற்றார். போதாததற்கு அன்றைக்கு நான்கு போட்டிகளில் மூன்று புல்தரை.

பழையபுல்தரை:
1962 பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். 1969இல் லேவர் மறுபடியும் நான்கையும் வென்றதை என்ன செய்வீர்கள்? எல்லாரும் உள்ளே வந்தாயிற்று. பிரிஸ்பேனில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் டோனி ரோச்சுக்கு எதிராக 7-5, 22-20, 9-11, 1-6, 6-3. 6-6 ஆனதும் செட்டை முடித்துவைக்கும் டைபிரேக் இல்லாத காலம், கொளுத்தும் வெயில், ஈரமான முட்டைக்கோஸ் இலையைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு ஆடினார். அதே ஆண்டு ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்க ஓபன் இறுதியிலும் ரோச்தான் எதிரே. மழையில் ஊறிய புல்லில் கால் வழுக்க, ஆணி வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு நான்கு செட்டில் முடித்தார். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் நடக்கும் ரோலான் காரோவின் களிமண்ணில் ரோஸ்வாலை வென்றார், புல்தரையே தெரியும் என்றால் அது எப்படி நடந்தது?

நான்காம்வரிசை:
எண்ணிக்கைதான் அளவு என்றால் பெண்களில் மார்கரெட் கோர்ட்டும் 24 தானே, அவர் பெயரை ஏன் யாரும் எடுக்கவில்லை? அதில் 11 ஆஸ்திரேலியாவில் வந்தவை, அந்தக் காலத்தில் வெளிநாட்டு வீராங்கனைகள் பலர் அவ்வளவு தூரம் போகவே இல்லை என்பார்கள். சரி, அதைக் கழித்தாலும் 13 இருக்கிறது. 1970 விம்பிள்டன் இறுதியில் காலில் காயத்தோடு பில்லி ஜீன் கிங்கை 14-12, 11-9 என்று வென்றதும் அதில் ஒன்று. என் எதிர்ப்பு உங்கள் இருவருக்கும்தான். அன்றைய ஆட்டக்காரர்கள் இப்படிப் பட்டங்களை எண்ணிக்கொண்டு ஆடவே இல்லை. ஸ்வீடனின் பியோர்ன் போர்க் ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போனது 1974இல் ஒரே முறை. களிமண்ணில் யாராலும் அசைக்க முடியாத கிறிஸ் எவர்ட் 1976 முதல் 1978 வரை மூன்று ஆண்டுகள் பிரெஞ்சு ஓபனை விட்டுவிட்டு அமெரிக்காவின் அணிப் போட்டிகளில் ஆடினார்.

மூன்றாம்செட்:
அதனால்தான் இந்த 24ஐ நம்புகிறேன். இன்றைக்கு நான்குக்கும் எல்லாரும் வருகிறார்கள், தரை மூன்று விதம். ஆஸ்திரேலியா 10, பிரெஞ்சு 3, விம்பிள்டன் 7, அமெரிக்கா 4 என்று ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை வென்ற ஆண் ஜோகோவிச் மட்டுமே, அதுவும் நடாலும் ஃபெடரரும் எதிரே நின்ற காலத்தில்.

பழையபுல்தரை:
2021இல் ஜோகோவிச் மற்ற மூன்றையும் வென்றுவிட்டு நியூயார்க்கில் அமெரிக்க ஓபன் இறுதிக்கு வந்தார். மெத்வதேவிடம் 6-4, 6-4, 6-4 என்று தோற்றார். 1969இல் லேவருக்கு நடந்தது அதன் பிறகு இன்றுவரை எந்த ஆணுக்கும் நடக்கவில்லை.