பொருள்: ஹிஸ்பானிக், லத்தீனோ – ரெண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் 15 வருதுல்ல, அமெரிக்காவோட ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம் பத்தி தமிழ்ல ஒரு கட்டுரை எழுதிட்டு இருக்கேன். ஹிஸ்பானிக், லத்தீனோ ரெண்டுக்கும் "ஸ்பானியர்"னே போட்டுடலாமா, இல்ல "ஸ்பானிய வம்சாவளியினர்" சரியா வருமா?

---

> ரெண்டுக்கும் "ஸ்பானியர்"னே போட்டுடலாமா

வேணாங்க. ஸ்பானியர்னா மாட்ரிட்காரங்க, பார்சிலோனாகாரங்க. அந்த மாசம் ஏன் 1ஆம் தேதி இல்லாம 15ல தொடங்குதுன்னு பாருங்க, குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிக்கராகுவா, கோஸ்டா ரிக்கா அஞ்சும் 1821ல ஸ்பெயின் ஆட்சி வேணாம்னு அறிவிச்ச நாள் அது, மறுநாள் மெக்சிகோவோட சுதந்திர நாள், 18ஆம் தேதி சிலியோடது. விட்டு விலகுன நாளைக் கொண்டாடுறவங்களுக்கு விலகுனவன் பேரையே வைக்கிறதா?

அப்புறம் ரெண்டும் ஒன்னு இல்ல. ஹிஸ்பானிக்ங்கிறது ஸ்பானிஷ் மொழியைப் பிடிச்சு வர்றது, லத்தீனோ லத்தீன் அமெரிக்காங்கிற நிலத்தைப் பிடிச்சு வர்றது. பிரேசில்காரர் போர்ச்சுகீஸ் பேசுறவர், அதனால லத்தீனோ ஆனா ஹிஸ்பானிக் இல்ல, ஸ்பெயின்காரர் அப்படியே தலைகீழ். என் பரிந்துரை: ஹிஸ்பானிக் = ஸ்பானிய மொழிவழியினர், லத்தீனோ = லத்தீன் அமெரிக்க வழியினர்.

---

"வம்சாவளி"ல என்ன தப்பு? பேப்பர்லயே இந்திய வம்சாவளின்னுதானே எழுதுறாங்க. அதோட மொழிவழின்னா, ஸ்பானிஷ் சுத்தமா தெரியாத பேரப்பிள்ளைங்களை எங்க வைப்பீங்க?

---

வம்சாவளின்னதும் ரத்தம் வந்துடுதுங்க, இங்க அதுதான் சிக்கல். 1930 சென்சஸ்ல "மெக்சிகன்"னு ஒரு தனி இனமாவே போட்டாங்க, எதிர்ப்பு கிளம்பி 1940ல எடுத்துட்டாங்க. ஹிஸ்பானிக்கா இருக்கிறவர் எந்த இனத்தவராவும் இருக்கலாம், கியூபால பிறந்த கறுப்பினப் பாடகி செலியா குரூஸும் சரி, ஜப்பானிய வழியில வந்த பெரு நாட்டுக்காரரும் சரி, பூர்வகுடி மாயா ஆளும் சரி. பேரப்பிள்ளை விஷயம் நியாயமான கேள்விதான், ஆனா "மொழியினர்"னு போட்டாதான் அவங்க வெளிய நிப்பாங்க, "மொழிவழியினர்"னா அந்த மொழி இருந்த குடும்பத்து வழி வந்தவங்கன்னு அவங்களும் உள்ள வந்துடுவாங்க.

இன்னொன்னு, விளக்கத்துல "குடியேறிகள்"னு மட்டும் எழுதிடாதீங்க. அமெரிக்கா-மெக்சிகோ போரை முடிச்சு வெச்ச 1848 ஒப்பந்தத்துல மெக்சிகோவோட பாதி நிலம் அமெரிக்காவுக்குப் போச்சு, அங்க இருந்த ஜனங்க எங்கயும் குடியேறல, எல்லைக்கோடுதான் அவங்களைத் தாண்டிப் போச்சு. அமெரிக்க ஆட்சியில இருக்கிற கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோகாரங்களும் 1917லேர்ந்தே அமெரிக்கக் குடிமக்கள்.

---

மொழிவழியினர் ஓகே. ஆனா லத்தீனோவைச் சுருக்கி "லத்தீனர்"னு வெச்சா என்ன?

---

பழைய ரோம்காரங்க எந்திரிச்சு வந்துடுவாங்க சார். "லத்தீன் அமெரிக்க வழியினர்" நீளம்தான், இருந்தாலும் ஒரு வசதி இருக்கு. ஸ்பானிஷ்ல ஆணுக்கு லத்தீனோ பெண்ணுக்கு லத்தீனா, ரெண்டும் வேணாம்னு லத்தீனெக்ஸ், லத்தீனேன்னு புதுசு புதுசா வெச்சு அதுக்கும் அவங்களுக்குள்ளயே சண்டை, நம்ம "அர்" விகுதில அந்தப் பிரச்சனையே இல்ல.

ஆனா ஒருத்தர் தன்னையே "நான் லத்தீனா"ன்னு சொல்றப்போ அதைத் தமிழாக்காதீங்க, அது அவங்க வெச்சுக்கிட்ட பேரு. நிறைய பேரு அதையும் சொல்ல மாட்டாங்க, மெக்சிகன், டொமினிகன்னு நாட்டுப் பேரைத்தான் முதல்ல சொல்வாங்க, அதையும் அப்படியே விடுங்க. நம்ம சொல்லு விளக்கத்துக்கும் புள்ளிவிவரத்துக்கும்தான்.

---

புள்ளிவிவரத்துலதான் இடிக்குது. 2020 சென்சஸ்ல 6.2 கோடி பேர்னு ஒரே எண்ணா இருக்கு, ஃபார்ம்ல ஹிஸ்பானிக், லத்தீனோ ரெண்டையும் சேர்த்து ஒரே கேள்வியா வெச்சிருக்காங்க.

---

அப்போ அட்டவணைல மட்டும் "ஹிஸ்பானிக்/லத்தீனோ"ன்னு ஒலிபெயர்ப்பாவே விட்டுடுங்க, பிரிச்சுக் காட்ட நம்மகிட்ட தரவு இல்ல. கட்டுரைத் தலைப்பும் "ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம்"னே இருக்கட்டும், 1968ல அதிபர் ஜான்சன் காலத்துல வாரமா தொடங்கி 1988ல மாசமானதை முதல் பத்தில சொல்லிட்டு, அங்கயே அடைப்புக்குறியில மொழிவழியினர்னு ஒரு தடவை குடுத்துடுங்க. வேற யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க.