‘தேட்ச்’: சருகா, மட்கா, செத்தையா?

வணக்கம்.

அருகு, கொரியன் புல் போன்ற வெப்பப்பருவப் புல்தரைகளின் பராமரிப்புக்கான சொற்பட்டியலில் ‘தேட்ச்’ (thatch) மட்டும் பாக்கி. பச்சை இலைக்கும் மண்ணுக்கும் நடுவே தண்டு, கணு, வேர் எல்லாம் செத்ததும் சாகாததுமாகப் பின்னிக்கிடக்கும் பழுப்புப் படலம் அது. கத்தியால் எட்டு செ.மீ. ஆழத்துக்கு ஒரு துண்டு அறுத்தெடுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும்; அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கும். 12 மி.மீ. வரை இருப்பது நல்லதே: ஈரம் காக்கும், மிதி தாங்கும். அதைத் தாண்டினால் வேர் மண்ணுக்குள் இறங்காமல் படலத்துக்குள்ளேயே ஓடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரும் உள்ளே போகாது. வெட்டுப்பொறியின் சக்கரம் அமிழ்ந்து ஆங்காங்கே புல் மொட்டையாகும்.

‘புல்மட்கு’ என்று வைக்கலாமா?

மறுமொழி – கோவை

மட்கு வேண்டாம் ஐயா. மட்கிப்போயிருந்தால் பிரச்சினையே இல்லையே! தண்டிலும் கணுவிலும் அவற்றை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் அதிகம், மட்க நாளாகும். மட்கும் வேகத்தைவிடச் சேரும் வேகம் கூடினால்தான் படலம் தடிக்கிறது. யூரியாவை அள்ளிப்போடுவது, தினமும் மேலோட்டமாக நனைப்பது, மருந்தடித்து மண்புழுவைக் கொல்வது எல்லாம் அதற்குத்தான் வழி.

‘சருகு’ என்று யாராவது சொல்வதற்குள் அதையும் மறுத்துவிடுகிறேன். சருகு என்றால் இலை. அந்தப் பெயரைப் பார்த்ததும் தோட்டக்காரர் வெட்டிய புல்நுனியை எல்லாம் வாரிக் கொட்டுவார். புல்நுனியில் பெரும்பகுதி தண்ணீர்; சீக்கிரம் மட்கித் தழைச்சத்தை மண்ணுக்கே திருப்பித் தரும். ஒரு வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதவரை அது அங்கேயே கிடக்கட்டும்.

என் ஓட்டு ‘செத்தை’க்கு. குப்பை செத்தை என்று எல்லோர் வாயிலும் இருக்கும் சொல்.

மறுமொழி – யாழ்ப்பாணம்

செத்தை எண்டால் எங்கட பக்கம் கிடுகால, அதாவது பின்னின தென்னோலையால, கட்டின மறைப்பு. ‘செத்தை தடித்துவிட்டது’ எண்டு வாசிச்சால் வேலியைத்தான் பார்ப்பினம். முன்னால ஒரு சொல் சேர்த்தால் ஒத்துக்கொள்ளலாம். ‘தண்டுச்செத்தை’ எப்படி? எதிலிருந்து வருகுது எண்டதும் பெயரிலேயே வந்திடும்.

மறுமொழி – கோவை

தண்டுச்செத்தை நன்று. இலை இல்லை என்பதும் சொல்லாமலே விளங்கும்.

அடுத்து, அதை எடுக்கும் வேலை. ‘செத்தை நீக்கல்’ என்றால் முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்ற பொருள் வருகிறது, அது தவறு. ‘செத்தை கோதல்’ என்கிறேன். செங்குத்துக் கத்திகள் மண்ணின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் ஓடி, கீறி இழுத்து வெளியே போடுகின்றன. அந்தக் கருவி ‘கீறுவெட்டி’. அருகுக்குக் கத்தி இடைவெளி 2.5 முதல் 5 செ.மீ.; மண்ணுக்கடியில் மட்டநிலத்தண்டு இருப்பதால் மீண்டுவிடும். செயின்ட் அகஸ்டின் புல்லுக்கு மேலே ஓடும் தண்டு மட்டுந்தான், 7.5 செ.மீ.க்குக் குறைத்தால் புல்லே கையோடு வந்துவிடும். படலம் 25 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஒரே தடவையில் எடுக்க ஆசைப்படாமல் இரண்டு பருவமாகப் பிரிப்பதே பாதுகாப்பு.

உள்ளீடற்ற குழாயால் மண் உருளைகளைப் பிடுங்குவது வேறு வேலை. அது ‘துளையிடல்’. இறுகிய மண்ணுக்கானது, இரண்டையும் ஒரே தலைப்பில் போடாதீர்கள்.

மறுமொழி – சென்னை

பருவத்தையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். கோதிய புல் முழுவீச்சில் வளர்ந்தால்தான் ஆறும். டில்லியில் குளிருக்குப் பழுத்த புல் முழுக்கப் பச்சை கட்டிய பிறகு. சென்னையில் புல் உறங்குவதே இல்லை என்பதால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் ஆறு வாரமாவது இடைவெளி வேண்டும். கோதிய கையோடு அடைமழை பிடித்தால் பூஞ்சைதான் மிஞ்சும். கத்திரி வெயிலில் தண்ணீர்த் தட்டுப்பாட்டோடு செய்வதும் கூடாது.

கோதி வாரியதும் ஆழமாகத் தண்ணீர். பிறகு 100 சதுர மீட்டருக்கு 1.1 கிலோ யூரியா, அதாவது சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து. இலை காய்ந்திருக்கும்போது தூவி உடனே நனைக்க வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் கருகும். மேலே 4 மி.மீ. கனத்துக்குச் சலித்த மண் பரப்ப அதே 100 சதுர மீட்டருக்கு 400 லிட்டர் பிடிக்கும். அடிமண்ணின் தன்மையை ஒத்த கலவையாக இருக்கட்டும். களிமண்மேல் தனி மணல் அடுக்கு வேண்டாம்.

மறுமொழி – யாழ்ப்பாணம்

ஐப்பசி எண்டு போடாமல் ‘மாரி மழைக்கு முன்’ எண்டு போடுங்கோ, ரெண்டு பக்கமும் பொருந்தும். மற்றபடி தண்டுச்செத்தை, செத்தை கோதல், கீறுவெட்டி, துளையிடல் நாலும் சரி. புல் மொட்டையாகிற ‘ஸ்கேல்ப்பிங்’குக்கு ‘மொட்டைவெட்டு’ போதும்தானே? சக்கரம் அமிழ்ந்து வாறதையும் வேணுமெண்டே ஒட்ட வெட்டுறதையும் பிரிக்கவேணும் எண்டால் மட்டும் இன்னொரு சொல் தேடுவம்.