வலி மாத்திரை: மருந்துக்கடை கவுண்டரில் பார்த்தவை, மறக்க முடியாதவை

கல்லாப்பெட்டி:
ஐயா ஒருத்தர் கவரைக் கொட்டிக் காட்டினார். காய்ச்சலுக்கு டோலோ 650 நாலு வேளை. சளி மாத்திரை மூணு வேளை. முதுகுவலிக்கு காம்பிஃப்ளாம் ரெண்டு. மூணும் வேற வேற மருந்துன்னு அவர் நினைப்பு. மூணுலயும் இருக்கிறது பாராசிட்டமால். அட்டையைத் திருப்பிக் கூட்டினால் டோலோவில் 2600 மி.கி., சளி மாத்திரையில் 500 வீதம் 1500, காம்பிஃப்ளாமில் 325 வீதம் 650. ஆக ஒரே நாளில் 4750 மி.கி. பாராசிட்டமால். பெரியவர்களுக்கு உச்சமே 4000. தினம் குடிக்கிறவருக்கும் 50 கிலோவுக்குக் கீழே இருக்கிறவருக்கும் அதுவே அதிகம்.

"வயிறு நல்லாத்தானே இருக்கு"ன்னார். அடிபடுவது வயிறு இல்ல, கல்லீரல். முதல் நாள் அது எதையும் காட்டிக்காது. அளவு மீறினால் கொடுக்கிற முறிமருந்தை 8 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் முழுப் பலன். கண்ணு மஞ்சள் தட்டட்டும்னு காத்திருக்கக் கூடாது.

சொட்டுமருந்து:
அந்த ஐயாவாவது பெரியவர். பத்து கிலோ குழந்தைக்கு பாராசிட்டமால் டிராப்ஸ் வாங்கின அம்மா, பழைய சிரப் பாட்டில் மூடியில 5 மி.லி. கோடு வரைக்கும் ஊத்திட்டாங்க. டிராப்ஸ்ல 1 மி.லி.க்கே 100 மி.கி. இருக்கும். அப்போ மூடியில இருந்தது 500 மி.கி. குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., அதாவது 150 போதும். அது டிராப்ஸ்ல ஒன்றரை மி.லி., 120 சிரப்ல (5 மி.லி.க்கு 120 மி.கி.) 6 மி.லி. சொச்சம், 250 சிரப்ல (5 மி.லி.க்கு 250 மி.கி.) 3 மி.லி. பாட்டிலை மாத்தினா அளவும் மாறும். வீட்டு ஸ்பூன் வேண்டவே வேண்டாம்.

மூட்டுவலி முனுசாமி:
ரெண்டு பேரும் பாராசிட்டமாலையே பிடிச்சுத் தொங்குறீங்க. இருக்கிறதுலயே சாதுவான மருந்து அதுதான். "ஒரு செட்டு கொடுப்பா"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்களே, அதைப் பேசுங்க. அட்டையை நறுக்கி, பேப்பர் கவர்ல நாலு மாத்திரை. பேரும் இருக்காது, அளவும் இருக்காது. மூட்டு வலிக்கு அப்படி வாங்கிட்டிருந்த அம்மாவோட கவர்ல டிக்ளோஃபெனாக்ங்கிற வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, கூடவே பொடிசா ஒரு ஸ்டீராய்டு. சாயங்காலமே வலி பறந்ததுக்குக் காரணம் அந்தப் பொடிசுதான்! அந்தம்மா ஏற்கெனவே பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுறவங்க. அந்த ரெண்டோட டிக்ளோஃபெனாக் சேர்ந்தா கிட்னிக்குப் போற ரத்தம் குறையும். கால் வீங்கித்தான் வந்தாங்க. கேஸ் மாத்திரை வயித்தைத்தான் காக்கும், கிட்னியைக் காக்காது.

நைட் டியூட்டி:
முனுசாமி அண்ணே, சாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் அந்த ஐயா 4750-க்குப் போனார். செட்டு விஷயத்துல உங்க பக்கம்தான்.

யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். முழங்கால் வலின்னா முதல்ல டிக்ளோஃபெனாக் ஜெல். ரத்தத்துல கலக்கிறது மாத்திரையை விட ரொம்பக் குறைவு. ஒரு நாளைக்கு 3, 4 தடவை தடவினா போதும். மேலே வெந்நீர் ஒத்தடமோ இறுக்கிக் கட்டுறதோ கூடாது. கையைக் கழுவாம கண்ணைத் தொடாதீங்க. மாத்திரைதான் வேணும்னா, சாப்பிட்ட பிறகு, குறைஞ்ச அளவு, குறைஞ்ச நாள். இப்யூபுரூஃபனும் டிக்ளோஃபெனாக்கும் ஒரே இனம், ரெண்டையும் சேர்த்தா வலி கூடுதலா குறையாது, வயித்துப் புண்தான் கூடும். இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 சாப்பிடுறவர் இப்யூபுரூஃபனை முன்னாடி போட்டா ஆஸ்பிரின் வேலை கெட்டுடும். டாக்டர் சரின்னு சொல்லியிருந்தாலும், சாதா ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழிச்சுத்தான் இப்யூபுரூஃபன். வலி மாத்திரையில வீசிங் வந்தவங்க, வயித்துப் புண் இருக்கிறவங்க, 20 வாரம் தாண்டின கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காம இந்த இனத்தையே தொடக் கூடாது. ஆஸ்பிரினைக் குழந்தைங்க காய்ச்சலுக்குக் கொடுக்கவே கூடாது.

கல்லாப்பெட்டி:
ஐப்பசி, கார்த்திகைக் காய்ச்சலை விட்டுட்டீங்களே. உடம்பு முறிச்சுப் போட்ட மாதிரி வலிக்குதுன்னு இப்யூபுரூஃபன் கேட்டு வருவாங்க. டெங்கு இல்லைன்னு தெரியிற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான். மத்தது ரத்தக்கசிவைக் கூட்டும்.

மூட்டுவலி முனுசாமி:
அதைத்தான் சாதுன்னேன்.