வேற்றுமையை மதிக்கப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து கற்பிப்பது?

கேள்வி (வவுனியா): தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் நகரில் வளர்ந்தும், என் பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் (மன்னார்): மடு மாதா தேவாலயத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஆவணித் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் வந்து, ஒரே மரநிழலில் சமைத்துத் தங்குவார்கள். மொழி புரியாத சிங்களத் தாயொருவர் தம் பானைச் சோற்றை என் மகளின் தட்டில் அள்ளி வைத்ததை நான் மறக்கவில்லை.

பதில் (மாங்குளம்): அன்போடு உரிமையும் வேண்டும், ஐயா. 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாக்கப்பட்டது. 1987 இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழுக்கும் அந்நிலையை அளித்தது. ஆயினும் சென்ற மாதம் எனக்கு வந்த அரச கடிதம் தனிச் சிங்களத்திலேயே இருந்தது.

பதில் (கிளிநொச்சி): தமிழராகிய நம் பக்கத் தவறுகளையும் மறைக்க வேண்டாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும், 1977 இனக்கலவரத்துக்குப் பின் இங்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையகத் தமிழரைச் சிலர் இன்றும் இழிவாக அழைப்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.