வாடகைக்கு இருப்பவருக்குச் சங்கத்தில் வாக்கு உண்டா? திருகோணமலைக் குடியிருப்புச் சங்கங்களில் கண்டவை

பாலையூற்றிலிருந்து:

வாடகைக்கு இருக்கிற ஆக்களைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று கூட்டத்தில் சண்டை பிடிக்க முதல், சங்கத்தின் யாப்பை, அதாவது விதிப் புத்தகத்தை எடுத்து அங்கத்துவப் பிரிவை வாசியுங்கள். தொடர்மாடிக் கட்டிடம் என்றால் கதை வேறு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கட்டிடத்தை நிருவகிக்க அமையும் முகாமைக் கூட்டுத்தாபனத்தில் உரிமையாளர்கள்தான் அங்கத்தவர்கள். வாடகைக்காரர் வேண்டுமானால் உரிமையாளரின் பதிலாளாகக் கடிதத்தோடு வரலாம். எங்கள் பக்கத்தில் பேச்சு பெரும்பாலும் தனி வீட்டுத் திட்டங்களைப் பற்றியது, 2004 சுனாமிக்குப் பிறகு கட்டினவை உட்பட. அங்கே யாப்பில் என்ன எழுதியிருக்கோ அதுதான் நடைமுறை. பழைய யாப்புகள் சிலதில் வீடு பெற்ற பயனாளிக்கு மட்டுமே வாக்கு. அவர் இப்போது கொழும்பில் அல்லது கனடாவில். தண்ணீர் மோட்டரைப் போட்டு நிறுத்துகிறவருக்கோ கை தூக்க உரிமை இல்லை.

அதற்காக எல்லாருக்கும் எல்லாவற்றிலும் வாக்கு என்று மாற்றினாலும் சிக்கல்தான். ஆறு மாதத்தில் போகப்போகிறவர், பத்து வருடம் வீட்டுக்காரர் கட்டப்போகிற கடனுக்குக் கை தூக்குவார். சரிவந்த வழி, விடயங்களை இரண்டாகப் பிரிப்பது. தண்ணீர் விடும் நேரம், குப்பை, கான் துப்புரவு, சிரமதானத் திகதி, மாதச் சந்தா ஆகியவற்றில் கதவுக்கு ஒரு வாக்கு, அந்த வீட்டில் இருப்பவருக்கு. பொதுக் காணி, மதில், புதிய தாங்கி, கடன், யாப்புத் திருத்தம் ஆகியவற்றில் அதே ஒரு வாக்கு உரிமையாளருக்கு. வாடகைக்காரர் கருத்துச் சொல்லலாம்.

இடையில் மாட்டுப்படுவது திருத்த வேலை. மோட்டர் எரிந்தால் சுருள் சுற்றுவதா, புதிது வாங்குவதா? சாமானை வைத்துப் பிரிக்கப் போனால் விடியும் வரை வாதாடுவீர்கள். தொகையை வைத்துப் பிரியுங்கள்: மூன்று மாதச் சந்தா வருமானத்துக்குள் முடிகிற வேலை இருப்பவர்களின் தீர்மானம், அதற்கு மேல் போனால் உரிமையாளர்களின் தீர்மானம்.

உப்புவெளியிலிருந்து:

மேலே சொன்னது சரி, ஆனால் யார் இருப்பவர் என்று நிரூபிப்பதுதான் இங்கே தலையிடி. கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். வாக்காளர் இடாப்பு உதவாது. மாற்றலில் வந்த ஆசிரியர், உத்தியோகத்தரின் பெயர் இன்னும் ஊரில்தான் கிடக்கும். வாடகை உடன்படிக்கையைக் கேட்டால் வீட்டுக்காரர் நெளிவார். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியாக இருந்தால் பயம் இன்னும் கூட, ஏனென்றால் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அதைக் கைமாற்றப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சங்கப் புத்தகத்தில் வாடகை என்று எழுதினால் அதுவே சாட்சியாகிவிடும் என்று நினைக்கிறார்கள்.

ஆகவே உடன்படிக்கையைக் கேட்காதீர்கள். அங்கத்துவப் புத்தகத்தில் கதவிலக்கம், இருப்பவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், குடிவந்த திகதி, கையொப்பம் என ஐந்து நிரல் போதும். வாடகைத் தொகையும் வேண்டாம், வீட்டுக்காரரோடு என்ன உறவு என்ற கேள்வியும் வேண்டாம். அத்தாட்சியாகத் தொடர்ந்து இரண்டு மாதம் சந்தா கட்டிய பற்றுச்சீட்டு. அந்தப் பற்றுச்சீட்டை இருப்பவர் பெயரிலேயே வெட்டவேண்டும். பல பொருளாளர்கள் பழக்கத்தில் வீட்டுக்காரர் பெயரை எழுதிவிட, பிறகு வாக்கு யாருக்கு என்று இழுபறி.

கடற்கரைப் பக்கத்தில் இன்னொன்று உண்டு. சீசன் தொடங்க வாடகைக்காரரை எழுப்பிவிட்டு வெள்ளைக்காரருக்கு அறை விடுவார்கள், மாரி வர அதே குடும்பத்தைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அந்த இரண்டு மாதக் காத்திருப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணினால் அந்தக் குடும்பம் திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் வாக்கில்லாமல் இருக்கவேண்டி வரும். முன்பு கட்டிய மாதங்களையும் கூட்டி எண்ணுங்கள். அறை விடுகிற காலத்தில் அந்தக் கதவின் வாக்கு நடத்துகிறவருக்கு, தண்ணீருக்கும் குப்பைக்கும் கூடுதல் சந்தாவும் அவருக்கே.

அன்புவழிபுரத்திலிருந்து:

வாக்கைப் பற்றியே கதைக்கிறீர்கள், கோரத்தை, அதாவது கூட்டம் செல்லுபடியாக ஆகக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பதை மறந்துவிட்டீர்கள். 32 வீட்டுத் திட்டம் ஒன்றை எடுங்கள். 14 வாடகைக்கு, 3 பூட்டிக் கிடக்கு. பாதி உரிமையாளர்கள் வரவேண்டும் என்று யாப்பில் இருந்தால் 16 பேர் வேண்டும். ஊரில் இருக்கிற உரிமையாளர் ஒருவர் விடாமல் வந்தாலும் 15. அந்தச் சங்கத்தில் எந்தத் தீர்மானமும் செல்லாது. ஆனாலும் வருடக்கணக்காக நிறைவேற்றிக்கொண்டே இருப்பார்கள். யாராவது ஒருவர் காசு கட்ட மறுத்துக் கேள்வி கேட்கிற நாளில்தான் வெளிக்கும்.

இருப்பவர் விடயத்துக்கு ஆட்கள் இருக்கிற 29 கதவில் மூன்றில் ஒன்று, அதாவது 10. உரிமையாளர் விடயத்துக்கு 32இல் பாதி, பதிலாள் கடிதங்களையும் சேர்த்து. ஒருவர் கையில் இரண்டு கடிதத்துக்கு மேல் கூடாது. இல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரர் எட்டுப்பேரின் கடிதத்தோடு ஒருவர் வந்து குந்தியிருப்பார், கூட்டம் அவர் வீட்டுக் கூட்டமாகிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு கடிதம் ஆகாது. திகதி, எந்தத் தீர்மானம், ஆமா இல்லையா, கையொப்பம் ஆகிய நான்கும் உள்ள தாளின் படத்தை அச்செடுத்துக் கூட்ட அறிக்கையோடு ஒட்டுங்கள்.

வரவுத் தாளில் ஒரு சின்ன வேலை: தீர்மானத்தை வாக்குக்கு விடும் நேரத்தில் கடைசிக் கையொப்பத்துக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்து மணியைக் குறித்துவிடுங்கள். தேநீருக்கு வந்தவர்களின் கையொப்பம் கோட்டுக்குக் கீழே போகும். இடையில் எழும்பிப் போனவர் பெயருக்கு நேரே செயலாளர் சுருக்கொப்பம் வைக்கவேண்டும்.

உவர்மலையிலிருந்து:

வாக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொருளாளர் பதவியை மாற்றலாகக்கூடிய ஒருவருக்குக் கொடுக்க முதல் யோசியுங்கள். இங்கே வாடகைக்காரர் பாதிப்பேர் மாகாண சபை அலுவலகங்களில், பாடசாலைகளில், ஆஸ்பத்திரியில் வேலை. கணக்கு நேர்மையாகத்தான் வைப்பார்கள், மற்றவர்களைவிடத் துப்புரவாகவும் வைப்பார்கள். சிக்கல் வங்கியில். கையொப்பகாரரை மாற்ற வங்கி பதிவுச் சான்றிதழ், தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதி, புதியவரின் அடையாள அட்டை எல்லாம் கேட்கும். பொருளாளர் ஜனவரி மாற்றலில் மட்டக்களப்புக்குப் போய்விட்டால் அடுத்த கூட்டம் வரை காசு எடுக்க முடியாது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் எவராவது இருவர் என்று கணக்கைத் திறந்திருந்தால் தப்பலாம். பொருளாளரோடு இன்னொருவர் என்று கட்டாயப்படுத்தி இருந்தால் முடங்கும்.

பாலையூற்றிலிருந்து:

அண்ணை, அதற்குப் பொருளாளர் பதவியை மறுக்கத் தேவையில்லை, ஆண்டுப் பொதுக்கூட்டத் திகதியை மாற்றினால் போதும். டிசம்பரில் வைத்தால் மழையும் வெள்ளமும், வருகிறவரும் குறைவு. தெரிவானவரில் சிலர் அடுத்த மாதமே மாற்றலாகிப் போவார். பெப்ரவரிக் கடைசியில் வையுங்கள். மாற்றல் முடிந்திருக்கும், கான் எங்கே அடைத்தது, எந்த ஒழுங்கையில் தண்ணீர் நின்றது என்பதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

காசு பற்றி ஒன்று. சந்தாவையும் அபிவிருத்தி நிதியையும் ஒரே பற்றுச்சீட்டில் எழுதவேண்டாம். வீட்டுக்காரர் இரண்டையும் வாடகைக்காரர் தலையில் கட்டுவார், வெளிக்கிடும்போது முற்பணத்தில் கழிப்பார். இரண்டு நிறப் புத்தகம் வைத்து, வெள்ளை இருப்பவர் பெயரில், மஞ்சள் உரிமையாளர் பெயரில் வெட்டுங்கள். மஞ்சள் நிலுவையைக் காட்டி வாடகைக்காரரின் வாக்கை நிறுத்தக்கூடாது என்று யாப்பிலேயே எழுதுங்கள். திருத்தத்தைப் பழைய யாப்புப்படி கூடிய உரிமையாளர் கூட்டத்தில் நிறைவேற்றி, திருத்திய பிரதியைச் சங்கம் பதிந்த அலுவலகத்தில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் புதிய புத்தகத்தில் பெயர் பதியத் தொடங்கலாம்.