பெத்ரிஷேவோவில் எரிந்த மூன்று வீடுகள்: ஸோயாவைப் பற்றி ஒரு விவாதம்

கார்முகில் எழுதியது:

1941 நவம்பர் 29 அன்று, மாஸ்கோவுக்கு மேற்கே உள்ள பெத்ரிஷேவோ என்னும் சிற்றூரில் ஜெர்மானியப் படையினர் தூக்கிலிட்ட 18 வயது சோவியத் பெண் ஸோயா கொஸ்மொதெமியான்ஸ்கயாவின் மரணத்தைப் பற்றி நண்பர்கள் இங்கே நிறைய எழுதிவிட்டார்கள். அவர் எதற்காக அந்த ஊருக்கு அனுப்பப்பட்டார் என்பதை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அந்த நவம்பர் 17 அன்று ஸ்டாலினும் ராணுவத் தலைமைப் பணியகத் தலைவர் ஷாபோஷ்னிகோவும் கையெழுத்திட்ட 0428 எண்ணுள்ள உத்தரவு, போர்முனையிலிருந்து 40 முதல் 60 கிலோமீட்டர் ஆழத்துக்கும், சாலைகளின் இருபுறமும் 20 முதல் 30 கிலோமீட்டர் வரையிலும், எதிரியின் பின்புறத்தில் இருக்கும் குடியிருப்புகள் அனைத்தையும் எரித்துவிடச் சொன்னது. அந்தக் குடியிருப்புகளில் ஜெர்மானியர் மட்டுமா இருந்தார்கள்? பிள்ளைகுட்டிகளோடு ரஷ்ய விவசாயிகளும் இருந்தார்கள். ரஷ்யக் குளிர்காலத்தில் ஒரு குடும்பத்தின் கூரையை எரிப்பது அந்தக் குடும்பத்தைச் சாகவிடுவதற்குச் சமம். செஞ்சேனை பின்வாங்கும் இடங்களில் மக்களையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று அதே உத்தரவு கூறியது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே எதிரியின் கையில் இருந்த பெத்ரிஷேவோவின் மக்களை யார் எங்கே அழைத்துச் செல்வது?

அவரது துணிவை நான் மறுக்கவில்லை. அந்தத் துணிவு எந்தக் காரியத்துக்குச் செலவழிக்கப்பட்டது என்று கேட்கிறேன். அவரும் தோழர்களும் அங்கே எரித்த மூன்று வீடுகளுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

வெண்ணிலா எழுதியது:

கார்முகில் ஐயா, உத்தரவைப் பற்றித் தாங்கள் சொன்னது சரி. ஆனால் ஏட்டில் இருக்கும் உத்தரவை வைத்துக்கொண்டு, அதைச் சுமந்து சென்ற பெண்ணை எடைபோடுகிறீர்களே என்பதுதான் என் வருத்தம். அவளுக்கு அப்போது என் மகளின் வயது.

1940-ஆம் ஆண்டின் கடைசியில் மூளைச்சவ்வுக் காய்ச்சலால் படுத்து, பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்து தேறியவள் அவள். 1941 அக்டோபர் 31 அன்று மாஸ்கோவில் ஒரு திரையரங்கில் கூடிய தன்னார்வலர்களோடு போய்ச் சேர்ந்து, மேற்கு முனைத் தலைமையகத்தின் 9903 எண்ணுள்ள நாசவேலைப் பிரிவில் இணைந்தாள். நாம் பேச்சுவாக்கில் கெரில்லாப் பெண் என்கிறோம். உண்மையில் அவள் எதிரியின் எல்லைக்குள் அனுப்பப்பட்ட ராணுவப் பிரிவின் வீராங்கனை. பயிற்சி சில நாள்கள்தான். நவம்பர் தொடக்கத்திலேயே வலகலாம்ஸ்க் பகுதியில் சாலைகளில் கண்ணி வைக்கும் முதல் பணிக்குப் போய் உயிரோடு திரும்பினாள். இரண்டாவது பணியில் பத்துக் குடியிருப்புகளை எரிக்க வேண்டும் என்று இரண்டு குழுக்கள் அனுப்பப்பட்டன. ஆளுக்கு மூன்று பெட்ரோல் குப்பிகள், ஒரு கைத்துப்பாக்கி, ஐந்து நாளுக்கான உலர் உணவு, இவ்வளவுதான் கையிருப்பு. கலோவ்கோவோ என்ற ஊரருகே எதிரியின் சூட்டில் சிக்கிக் குழு சிதறியது. மிஞ்சியவர்களில் கிராய்னோவ், கிளுப்கோவ், ஸோயா ஆகிய மூவரும் நவம்பர் 27 அதிகாலை இரண்டு மணிக்கு பெத்ரிஷேவோவுக்குள் நுழைந்து தீ வைத்தார்கள். கிளுப்கோவ் பிடிபட்டான், கிராய்னோவ் குறித்த இடத்தில் காத்திருந்து பார்த்துவிட்டுத் தனியே திரும்பினான். அவளும் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை, மறுநாள் மாலை அதே ஊருக்குத் தன்னந்தனியாக மறுபடி தீ வைக்கப் போய்ப் பிடிபட்டாள்.

அந்த வீடுகளில் அப்போது படுத்திருந்தது யார் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மாஸ்கோவின் வாசலில் நின்ற ஜெர்மானியப் படைக்கு முறையான குளிர்கால உடை வந்து சேரவில்லை. அந்தப் பனியில் அவர்கள் தாக்குப்பிடித்தது ஊரார் வீட்டு அடுப்பையும் கூரையையும் பிடுங்கிக்கொண்டுதான். அடுப்பு அவிந்தால் படை முடங்கும் என்பது கொடூரமான கணக்கு. ஆனாலும் அது பொய்க்கணக்கு அல்ல.

கார்முகில் எழுதியது:

கணக்கு பொய் என்று நானும் சொல்லவில்லை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி. வீட்டை இழந்தவர்களில் ஒருத்தி ஸ்மிர்னோவா. தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லும் வழியில் அவள் ஸோயாவின் கால்களில் தடியால் அடித்து, "நீ யாருக்குக் கெடுதல் செய்தாய்? என் வீட்டை எரித்தாய், ஜெர்மானியரை ஒன்றும் செய்யவில்லையே" என்று கத்தினாள் என ஊராரின் வாக்குமூலம் கூறுகிறது. அதற்கு முன்பு அவளும் சொலினா என்ற இன்னொருத்தியும் கழிவுநீரைக் கொண்டுவந்து ஸோயாவின் மேல் ஊற்றியிருந்தார்கள். ஊர் மீட்கப்பட்ட பின் சோவியத் ராணுவ நீதிமன்றம் 1942-இல் அவ்விருவருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்கள் செய்தது இழிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொந்த நாட்டின் உத்தரவால் வீட்டையும், சொந்த நாட்டின் நீதிமன்றத்தால் உயிரையும் இழந்த ஒருத்திக்கு நம் நினைவில் இடமே இல்லையா?

சுவடி எழுதியது:

இருவருக்கும் இடையே குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஸோயாவின் கதை எப்படி நம் கைக்கு வந்தது என்பதைச் சொல்லாமல் இந்த விவாதம் நகராது. 1942 ஜனவரி 27 அன்று 'பிராவ்தா' நாளிதழில் பியோத்தர் லீதவ் 'தான்யா' என்ற கட்டுரையை எழுதினார். பிடிபட்டபோது ஸோயா சொன்ன பெயர் அதுதான். செர்கேய் ஸ்ட்ரூன்னிகவ் எடுத்த புகைப்படமும் உடன் வந்தது: பனியில் கிடக்கும் உடல், கழுத்தில் அறுந்த கயிறு. அடுத்த மாதம் 16 அன்று ஸோயாவுக்கு 'சோவியத் யூனியன் வீரர்' பட்டம் வழங்கப்பட்டது. அந்தப் போரில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் கட்டுரையில் அவர் எரிக்க முயன்றது ராணுவக் குதிரை லாயம். ஊராரின் வாக்குமூலங்களில் அது ஸ்விரிதோவ் என்ற விவசாயியின் கொட்டகை. ஜெர்மானியரை அழைத்து அவரைப் பிடித்துக் கொடுத்தவன் அந்த ஸ்விரிதோவ். கைம்மாறாகக் கொஞ்சம் வோத்கா கிடைத்தது. ஆகவே, ஊராரின் இழப்பு நினைவிலிருந்து நழுவியது என்று கார்முகில் சொல்வது அந்த முதல் கட்டுரையிலேயே தொடங்கிவிட்டது.

அதே வேளையில், 1990-களில் பத்திரிகைகள் கிளப்பிய ஐயங்களையும் நான் ஏற்கவில்லை. இறந்தவர் வேறொரு பெண் என்றார்கள். தடயவியல் நிபுணர்கள் புகைப்படங்களை ஒப்பிட்டு அவர் ஸோயாதான் என்று உறுதி செய்தார்கள். இன்னொன்றையும் சொல்கிறேன். கட்டுரையில் அவர் "நாங்கள் இருபது கோடிப் பேர், எல்லாரையும் தூக்கிலிட முடியாது" என்கிறார். ஊராரின் வாக்குமூலத்திலோ அது பதினேழு கோடி. 1939 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண் அதுதான். கட்டுரையாளர் எண்ணை உயர்த்தினார். கயிற்றுக்குக் கீழே நின்ற பெண் பள்ளியில் படித்த எண்ணைச் சொன்னார். அவர் உண்மையில் பேசினார் என்று நான் நம்புவதற்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

வெண்ணிலா எழுதியது:

சுவடி அவர்களுக்கு நன்றி. அந்தப் பதினேழு கோடியை நான் மறக்க மாட்டேன்.

கார்முகில் ஐயா, ஸ்மிர்னோவாவுக்கு நினைவில் இடம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் கழிவுநீரை ஊற்றியபோது ஸோயா எந்த நிலையில் இருந்தாள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். வார்களால் அடித்து, இரவில் உள்ளாடையோடும் வெறுங்காலோடும் பனியில் ஒரு காவலன் அவளை மணிக்கணக்கில் நடக்க வைத்திருந்தான். குலிக் என்ற குடும்பத்தின் வீட்டில்தான் அன்றிரவு அவளை வைத்திருந்தார்கள். அவளது கால்கள் நீலம் பாரித்திருந்ததை அந்த வீட்டுப் பெண் பின்னர் சொன்னாள். தன் உண்மையான பெயரைக்கூட அவள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. தூக்கிலிடும்போது ஜெர்மானியர் அவள் கழுத்தில் மாட்டிய பலகை அவளை வீடுகளுக்குத் தீ வைத்தவள் என்றது. ஆனால் மாஸ்கோவின் வாசல்வரை வந்து அந்த வீடுகளில் குடியேறியவர்கள் அதை எழுதினார்கள் என்பதை எப்படி மறப்பது?

கார்முகில் எழுதியது:

பலகையை எழுதியவர்களுக்கு அதை எழுதும் உரிமை இல்லை என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம். உத்தரவு தவறு என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உத்தரவின் தவறை அவர் தலையில் சுமத்தும் தொனி என் முதல் பதிவில் இருந்ததென்றால் அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அவரோடு அனுப்பப்பட்ட வேரா வலோஷினாவையும் அதே நவம்பர் 29 அன்று கலோவ்கோவோவில் தூக்கிலிட்டார்கள். அங்கே போய்க் கட்டுரை எழுத ஒரு நிருபர் வாய்க்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர் காணாமற்போனவராகவே இருந்தார். 1994-இல்தான் அவருக்கு 'ரஷ்யக் கூட்டமைப்பு வீரர்' பட்டம் கிடைத்தது. வேராவுக்கென்று தனி இழை தொடங்குவதாக இருந்தால் முதல் பதிவை நான் எழுதுகிறேன்.

வெண்ணிலா எழுதியது:

தொடங்குங்கள், ஐயா. இரண்டாவது பதிவு என்னுடையது.