அப்பாவின் கணினியைத் தொலைவிலிருந்து சரிசெய்ய எந்த மென்பொருள் நல்லது? பாதியில் திரை கறுத்துவிடுகிறது

பொருநைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் பணிபுரிகிறேன். அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியில் இருக்கிறார்கள். வீட்டுக் கணினியில் எந்தக் கோளாறு வந்தாலும் இங்கிருந்தபடியே நான்தான் பார்த்துக் கொடுப்பது வழக்கம். மூன்று நாட்களாகப் பிரின்டர் வேலை செய்யவில்லை. பிரின்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை மறுபடி நிறுவலாம் என்று இணைப்பை ஏற்படுத்தி, நிறுவல் கோப்பை அழுத்தியதும் என் பக்கத்தில் திரை முழுவதும் கறுத்துவிடுகிறது. "ஏதோ கேட்கிறதே, என்ன செய்யட்டும்?" என்று அப்பா போனில் கேட்கிறார், எனக்கோ ஒன்றும் தெரிவதில்லை. நான்கு முறை முயன்றும் இதே நிலைதான். வேறு நல்ல மென்பொருள் இருந்தால் சொல்லுங்கள். இலவசமாக இருக்க வேண்டும். நாளை மாலைக்குள் அவர் ஒரு படிவத்தை அச்சிட்டாக வேண்டும் என்பதால் அவசரம்.

மின்கம்பி:
வணக்கம். சில விவரங்கள் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. அப்பாவின் கணினியில் இருப்பது விண்டோஸின் எந்தப் பதிப்பு, அது ஹோமா புரோவா? நீங்கள் இப்போது பயன்படுத்துவது எது? அதை அங்கே முறையாக நிறுவியிருக்கிறீர்களா, அல்லது தேவைப்படும்போது மட்டும் அப்பா கோப்பைத் திறந்து, அதில் தோன்றும் இணைப்பு எண்ணைச் சொல்கிறாரா?

வலைப்பின்னல்:
எனக்குத் தோன்றுவது இணைய வேகக் குறைவுதான். என் மாமா வீட்டில் மாலை ஏழு மணிக்கு மேல் பதிவேற்ற வேகம் மிகவும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் இணைத்தால் படம் வராமல் வெற்றுத் திரைதான் தெரியும். மென்பொருளின் அமைப்பில் படத்தின் தரத்தைக் குறைத்து, அங்குள்ள பின்னணிப் படத்தை மறைக்கும் தெரிவையும் இயக்கிவிட்டுக் காலையில் ஒருமுறை முயன்று பாருங்கள்.

மூத்தபொறியாளன்:
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. என்ன பதிப்பு, என்ன மென்பொருள் என்று ஒரு வரிகூட இல்லாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் யாரால் உதவ முடியும்? இருபது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளியார் மென்பொருள் எதுவும் தேவையில்லை. தொலைவிலிருந்து இயக்க விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது. ரவுட்டரில் அதற்கான 3389 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு நுழையும் வழியை, திறந்துவிட்டால் வேலை முடிந்தது. அடிப்படையைக் கற்றுக்கொள்ளாமல் செயலிகளை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

கரிசல்நிலம்:
மூத்தபொறியாளன் அவர்களே, மரியாதையுடன் மறுக்கிறேன். ஹோம் பதிப்பிலிருந்து வேறொரு கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் போகலாமே தவிர, ஹோம் பதிப்புள்ள கணினிக்குள் அவ்வழியே நுழைய முடியாது. அதற்குப் புரோ வேண்டும். வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது ஹோம்தான். மேலும், பல வீட்டு இணைப்புகளில் இப்போது தனியான பொது ஐபி முகவரியே கிடைப்பதில்லை; நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருவது வீடுவரை வந்து சேராது. அப்படியே சேர்ந்தாலும், 3389-ஐ இணையத்துக்குத் திறந்துவைப்பது வாசற்கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, பழைய விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல்லே தெரியாமல் அவ்வழியே உள்ளே நுழைய முடிந்தது.

பொருநைக்கரை:
விவரங்களைத் தராததற்கு மன்னிக்கவும். விண்டோஸ் 10 ஹோம். எதையும் நிறுவவில்லை, சிறிய கோப்பு ஒன்றை டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன், நான் சொல்லும்போது அப்பா அதை இருமுறை தட்டி எண்ணைப் படித்துச் சொல்வார். திரை கறுக்கும்போது இணைப்பு அறுவதில்லை. அப்பா எதையோ அழுத்திய பிறகு படம் திரும்ப வந்துவிடுகிறது. அவர் "நோ" என்பதைத்தான் அழுத்தியிருக்கிறார் என்று இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்னொன்றையும் சொல்ல மறந்துவிட்டேன்: அதே மென்பொருள் சில நாட்களாக, நான் வணிகத்துக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகித்து ஐந்து நிமிடத்தில் இணைப்பைத் துண்டித்தும் வருகிறது.

தறிநாடா:
அப்படியானால் இது இணைய வேகமும் அல்ல, மென்பொருளின் பழுதும் அல்ல. "இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்று விண்டோஸ் கேட்கும் யுஏசி பெட்டி, மற்ற நிரல்கள் எட்ட முடியாத தனித் திரையில்தான் தோன்றும். ஒரு தீய நிரல் தானாகவே "யெஸ்" அழுத்திவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நிறுவாமல், சாதாரண உரிமையோடு ஓடும் உங்கள் சிறிய கோப்பும் அந்தத் திரைக்கு வெளியாள்தான். ஆகவே அதற்குப் படம் கிடைக்காது, உங்களுக்குக் கறுப்புதான் தெரியும்.

நாளைய தேவைக்கு மென்பொருளை மாற்றவே வேண்டாம். முதலில் அப்பாவை அந்தச் சிறிய கோப்பின்மீது வலச்சொடுக்கு செய்து, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அப்போது தோன்றும் பெட்டியில் இடப்பக்கம் "யெஸ்", வலப்பக்கம் "நோ" இருக்கும். செயலியின் பெயரையும் வெளியிட்டவர் பெயரையும் உரக்கப் படிக்கச் சொல்லி, சரியாக இருந்தால் "யெஸ்" அழுத்தச் சொல்லுங்கள். அப்படி உயர்த்தப்பட்ட உரிமையோடு திறந்தால், பெரும்பாலான மென்பொருள்களில் அதன்பின் வரும் பெட்டிகள் உங்கள் பக்கமும் தெரியும். அப்படியும் கறுத்தால், டிரைவருக்கான பெட்டியிலும் அவரையே படித்துப் பார்த்து அழுத்தச் சொல்லிவிடுங்கள். படம் உடனே திரும்பிவிடும்.

வலைப்பின்னல்:
என் ஊகம் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யுஏசி அமைப்பில் உள்ள நழுவியை (ஸ்லைடரை) ஒரு படி கீழே இறக்கி, திரையை மங்கலாக்காத நிலையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

தறிநாடா:
பெட்டி உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் சுட்டி அதில் வேலை செய்யாது. குறைந்த உரிமையுள்ள நிரல் உயர்ந்த உரிமையுள்ள சாளரத்தில் அழுத்துவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. அதைவிட முக்கியமாக, இறக்கிய நழுவியை மறுபடி ஏற்ற நாம் மறந்துவிடுவோம். அந்தப் பாதுகாப்பின்றி அப்பாதான் ஆண்டுக்கணக்கில் அந்தக் கணினியைப் பயன்படுத்துவார்.

கரிசல்நிலம்:
நிரந்தரத் தீர்வுக்கு என் பரிந்துரை ரஸ்ட்டெஸ்க் என்ற தொலை இயக்க மென்பொருள். மூலநிரல் திறந்தது; வணிகப் பயன்பாடு என்று சந்தேகித்துத் துண்டிக்காது. முறையாக நிறுவிவிட்டால், உயர்ந்த உரிமையோடு பின்னணியில் இயங்கும் விண்டோஸ் சேவையாக ஓடுவதால் யுஏசி பெட்டியும் தெரியும். வேண்டுமானால் சிறு வாடகைச் சேவையகத்தில் நம் சொந்த இடைநிலையத்தையே அமைத்துக்கொள்ளலாம். அந்தச் சேவையகத்தில் 21115 முதல் 21117 வரையுள்ள போர்ட்களில் டிசிபியும், 21116-இல் யுடிபியும் (இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்) திறந்திருந்தால் போதும். நிறுவியதும் நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை வைத்துவிடுங்கள், அப்பா எண் படிக்கும் சிரமமே இருக்காது.

மின்கம்பி:
நிரந்தரக் கடவுச்சொல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது அப்பாவின் கணினி. அம்மாவின் வங்கிக் கணக்கும் அதில்தான் திறக்கப்படுகிறது. மகனே ஆனாலும், அவர்கள் அறியாமல் உள்ளே வரும் வழி இருக்கக் கூடாது. ஏற்பு பொத்தானை அவர்கள் அழுத்திய பிறகே இணைப்பு தொடங்கும்படி ரஸ்ட்டெஸ்க்கில் வைக்கலாம், அப்படி வையுங்கள்.

கரிசல்நிலம்:
என் அம்மாவுக்குக் கண்புரை. எண்ணையும் படிக்க முடியாது, பொத்தானையும் தேட முடியாது. அவருடைய சம்மதத்தோடுதான் கடவுச்சொல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் போனில் சொல்லிவிட்டுத்தான் நுழைகிறேன். எல்லா வீட்டுக்கும் ஒரே விதியைச் சொல்லிவிட முடியாது.

மின்கம்பி:
உங்கள் வீட்டு நிலை எனக்குப் புரிகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பார்வை நன்றாக உள்ள பெற்றோருக்கு, "நான் அழுத்தினால்தான் ஒருவர் உள்ளே வர முடியும்" என்ற உணர்வு ஒரு பாதுகாப்பு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன் இதே வகைச் செயலி ஒன்றை நிறுவச் செய்து, எண்ணைப் படிக்கச் சொன்னான். தம் மகனுக்கு மாதந்தோறும் படித்துச் சொன்ன பழக்கத்தில் அவர் தயங்காமல் படித்துவிட்டார். மகனுக்கு உதவிய பழக்கமே அவருக்குக் கேடாக முடிந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் என்ற இத்தகைய செயலி பற்றி எச்சரித்ததும் இதே முறையைத்தான். செயலி வேலை செய்யும் விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதால், வேறு பெயருள்ளதை நிறுவிவிட்டால் ஆபத்து நீங்கிவிடாது. ஆகவே பொருநைக்கரை அவர்களே, எதை நிறுவினாலும் வீட்டில் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: நமக்கு வந்த அழைப்பில் எண்ணைச் சொல்லவே கூடாது; அப்பாவே உங்கள் எண்ணுக்கு அழைத்துப் பேசும்போது மட்டும்தான் சொல்ல வேண்டும். தப்பித் தவறி யாருக்காவது சொல்லிவிட்டால் உடனே இணையத்தைத் துண்டித்துவிட்டு, இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

மூத்தபொறியாளன்:
ஹோம் பதிப்பு என்று முதலிலேயே எழுதியிருந்தால் நானும் வேறு விதமாகத்தான் சொல்லியிருப்பேன். எப்படியிருந்தாலும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பிரின்டரைவிட அதை முதலில் கவனியுங்கள், தம்பி.

தறிநாடா:
அது சரியான எச்சரிக்கை. விண்டோஸோடு வரும் தொலை உதவிச் செயலியான குயிக் அசிஸ்ட்டையும் யாராவது சொல்லக்கூடும்; அதில் உதவுபவருக்கு மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டும், எண் பத்து நிமிடத்தில் காலாவதியாகும், யுஏசி பெட்டி வரும்போது அதிலும் உங்கள் பக்கம் கறுத்துத்தான் போகும். மேலும் ஒன்று: அப்பா தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்பவராக இருந்தால், தொலைவிலிருந்து கடவுச்சொல் அடிக்கும் முன் வலது கீழ் மூலையில் மொழி ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நான் என் சித்தப்பாவின் கணினியில் சரியான கடவுச்சொல்லையே ஆறு முறை அடித்தேன். திரையில் வெறும் புள்ளிகளாகத் தெரிந்ததால், உள்ளே விழுந்தவை தமிழ் எழுத்துகள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

பொருநைக்கரை:
அனைவருக்கும் நன்றி. அப்பா பெயரைப் படித்துப் பார்த்து "யெஸ்" அழுத்தினார். டிரைவர் ஏறியது, படிவம் அச்சாகிவிட்டது. ரஸ்ட்டெஸ்க்கை நிறுவி, அவர் ஏற்றால் மட்டும் திறக்கும்படி வைத்திருக்கிறேன். அழைப்பு பற்றிய விதியை அம்மா தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டார்.